முதல் படகும் முப்பத்திரண்டு பேரும்

ஆட்களை ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் தொழில்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கப்பல் அம்பாந்தோட்டையில் நின்றது. நாங்கள் கரையில் கால் வைத்தது பதினொன்றரைக்கு. மொத்தக் கப்பலிலும் கடைசியாக இறங்கிய கூட்டம் எங்களுடையது. கதிர்காமம் போகவேண்டிய நாள் அது. போகவில்லை.

எனக்கு விருத்தாசலத்தில் டிராவல்ஸ். முப்பது வருஷம் ஆகிறது. முதலில் பஸ், காசி, ராமேஸ்வரம். இப்போது கப்பல். சென்னையில் ஏறினால் இலங்கையில் இரண்டு ஊரைக் காட்டி, ஐந்தாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. மிதக்கிற கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் சுற்றிக் காட்டக் கப்பல்காரர்களே பஸ் வைத்திருக்கிறார்கள். அந்த பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஒரு வழியாக இறங்கிப் போய்விடுவார்கள். சொந்தமாக வேன் பேசி வைத்திருப்பவர்கள் ஹாலுக்கு வந்து, நம்பர் போட்ட ஸ்டிக்கர் வாங்கி, கூப்பிடும்வரை உட்கார வேண்டும். யார் முதலில் முழு ஆளாக வந்து நிற்கிறார்களோ அவர்களுக்கு ஒன்றாம் நம்பர். அவ்வளவுதான் சட்டம்.

நாலு குடும்பத்தை ஒரே வேனில் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர்கள் மேலே படிக்கலாம். மற்றவர்களுக்கு இந்த வேதனை புரியாது.

ஜாடி

பீங்கான் கம்பெனி முதலாளி ஒருவர், தன்னிடம் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்த பத்துப் பேரை இந்தக் கப்பலுக்கு அனுப்பினார். மற்றவர்கள் கம்மாபுரம், நல்லூர், மங்கலம்பேட்டை. என்னோடு சேர்த்து முப்பத்திரண்டு பேர்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் முத்துசாமி. சூளைக்குப் போகும் முன் சாமான்களைப் பூச்சில் முக்கி எடுக்கிற வேலை. அறுபத்து மூன்று வயது. பத்து வயதில், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவர். அக்கா ராசம்மாவுக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது, அங்கேயே தங்கிவிட்டார். அப்புறம் இலங்கையில் போர், இங்கே வறுமை, பாஸ்போர்ட் இல்லை. இப்போது போனில் முகம் பார்க்கிறார்கள். நேரில் பார்த்து ஐம்பத்து மூன்று வருஷம்.

திங்கட்கிழமை காலை கப்பல் திருகோணமலையில் நிற்கும். அக்கா மலையிலிருந்து வாடகை வேனில் வந்து துறைமுக கேட்டில் நிற்பார். அந்த வேன் பதினொரு மணிக்குத் திரும்பிவிடும். கப்பல்காரர்களின் பஸ் துறைமுகத்துக்குள்ளேயே ஆளை ஏற்றிக் கோணேஸ்வரம் கோயிலில் இறக்கி, திரும்ப உள்ளேயே கொண்டுவந்து கொட்டும். கேட்டில் நிற்காது. கேட்டுப் பார்த்தேன். அதனால்தான் இந்த முறை சொந்த வேன். இல்லையென்றால் எனக்கு இந்தத் தலைவலி எதற்கு?

சென்னையில் ஏறும்போதே முத்துசாமியை மறித்துவிட்டார்கள். வைக்கோல் சுற்றி, அதன் மேல் வேட்டி சுற்றி, இடுப்பில் குழந்தை போல ஒரு மூட்டை. செக்யூரிட்டிக்காரர் பிரிக்கச் சொன்னார். பழுப்புக் கழுத்தும் வெள்ளை வயிறுமாக ஒரு பீங்கான் ஜாடி. கையை உள்ளே விட்டுப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

“உள்ள ஒண்ணுமே இல்லையே?”

“இல்லீங்க.”

“ஒண்ணும் இல்லாத ஜாடிய எதுக்கு அவ்ளோ தூரம் தூக்கிட்டுப் போறீங்க?”

முத்துசாமி வேட்டியை மறுபடி சுற்றிக்கொண்டே சொன்னார்: “ஊறுகா அவங்க போட்டுக்குவாங்க சார்.”

துண்டு

அம்பாந்தோட்டையில் ஏழு மணிக்கு ஸ்டிக்கர் கொடுப்பார்கள், ஆறரைக்கு எல்லோரும் ஹாலில் இருக்கவேண்டும் என்று முந்தின நாளே சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவை கத்தினேன்.

நம் ஜனம் என்னை விட சாமர்த்தியம். ஐந்தரைக்கே இரண்டு பேர் போய் முன்வரிசை நாற்காலி எல்லாவற்றிலும் துண்டு போட்டுவிட்டு, அறைக்குத் திரும்பி வந்து படுத்துக்கொண்டார்கள். திருவிழா பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த கை, சும்மா இருக்குமா? துண்டு போதாமல் ஒரு லுங்கியும் போட்டிருக்கிறார்கள். கூட்டுகிறவர் வந்து பார்த்திருக்கிறார். யாரோ அழுக்குத் துணியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அத்தனையையும் வாரிக்கொண்டு போய் வெளுக்கப் போட்டுவிட்டார். ஏழேகாலுக்கு நம் ஆட்கள் கம்பீரமாக வந்தார்கள். நாற்காலியில் வேறு ஆட்கள். ஸ்டிக்கர் வரிசையில் நிற்காமல், துண்டு எங்கே என்று அரை மணி நேரம் பஞ்சாயத்து. கிடைத்தது பத்தாம் நம்பர்.

சாயங்காலம் துண்டுகள் திரும்பி வந்தன. துவைத்து, இஸ்திரி போட்டு, காகிதம் சுற்றி. லுங்கி மங்கலம்பேட்டை ரஹமத் பாயுடையது. ஜவுளிக்கடைக்காரர். மடிப்புக் கலையாத லுங்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என் அறை வாசலில் நின்றார்.

“இருவது வருசம் துபாய்ல இருந்தேன் மொதலாளி. என் லுங்கிக்கு ஒருத்தரும் இஸ்திரி போட்டுக் குடுத்ததில்ல. நாளைக்கும் ஒண்ணு போட்டு வைக்கட்டுங்களா?”

ஒன்பது பத்து

பத்தாம் நம்பரும் மோசமில்லை. ஒன்பது பத்துக்குக் கூப்பிட்டார்கள். கதிர்காமம் போய்வர நேரம் இருந்தது. ஸ்டிக்கர் கொடுக்கிற பெண் கப்பலில் வேலை பார்ப்பவள், வடகிழக்கு மாநிலம். தமிழில் நாலு வார்த்தை தெரியும். வாங்க, உக்காருங்க, வேகமா, போச்சு. நம்பரைக் காட்டி “வாங்க” என்றாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

கம்மாபுரம் கோவிந்தசாமி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தினசரி காலண்டரில் ஐந்து நாள் தாளையும் கிழித்துக் கொண்டுவந்திருக்கிறார். “ஒம்போதுலேர்ந்து பத்தரை ராகு காலம். அன்னிய தேசம். மொத மொத கால் வைக்கறோம். உக்காருங்க, பத்தரைக்குப் போவலாம்.” உட்கார்ந்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். எங்களுக்குக் குழு அனுமதி. ஒரே தாள். இறங்கும்போது எண்ணினால் முப்பத்திரண்டு தலை இருக்கவேண்டும். நான் மட்டும் ஓடிப்போய் என்ன செய்ய? அந்தப் பெண் இரண்டு தடவை கூப்பிட்டாள். அப்புறம் எங்கள் ஸ்டிக்கரை வாங்கிப் பட்டியலில் கடைசியில் எழுதிவிட்டு, என்னைப் பார்த்து, தனக்குத் தெரிந்த நாலாவது வார்த்தையைச் சொன்னாள்.

கோவிந்தசாமியைத் திட்ட வாய் வந்தது. திட்டவில்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். வீட்டைக் காலி செய்த அன்று சாமான் ஏற்றிய வண்டி ராகு காலத்தில் கிளம்பியதாம். போன இடத்தில் ஆறு மாதத்துக்குள் மூத்த மகன் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். அதிலிருந்து தாளைப் பார்க்காமல் வாசல் தாண்டமாட்டார்.

பதினொன்றரைக்குக் கரை ஏறினோம். வேன் டிரைவர் மட்டக்களப்புக்காரர், எட்டு மணியிலிருந்து வெயிலில் நின்றவர், எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“ஐயா, கப்பல் எட்டுக்கே வந்துட்டுது. நீங்க என்ன, நீந்தியா வந்தீங்க?”

கீறல்

கம்பெனி ஆட்களில் சரோஜா என்று ஒருத்தி. ஐம்பது வயதிருக்கும். சூளையிலிருந்து வருகிற, மின்சாரப் பெட்டியில் மாட்டும் பீங்கான் பியூஸ் கேரியர்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, சின்னக் குச்சியால் தட்டி, சத்தத்தை வைத்தே கீறல் விட்டதைத் தனியாகப் பொறுக்கிப் போடுகிற வேலை. இருபத்தைந்து வருஷம் தட்டினால் கை சும்மா இருக்குமா? சாப்பாட்டு ஹாலில் எதிரே வருகிற தட்டு, கோப்பை, கிண்ணம் எல்லாவற்றையும் விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வாயில் வைப்பாள். பேசுவது குறைவு. எனக்குப் பிடித்த ரகம்.

சனிக்கிழமை சாயங்காலம் டீ கொண்டுவந்த பையனிடம் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் டீ சரியில்லையோ என்று வேறு டீ கொண்டுவந்தான், அதே கோப்பையில். அவள் மறுபடி நகர்த்தினாள். அவன் சர்க்கரை கொண்டுவந்தான். பிறகு மேனேஜர் வந்தார். கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஒன்றும் இல்லையே” என்றார் இங்கிலீஷில். நான் அவளிடம் சொன்னேன்.

“கண்ணுக்குத் தெரியாதுங்க ஐயா. சூடா ஊத்திக்கிட்டே இருந்தா பத்து நாள் தாங்கும். அப்புறம் யாராவது மடியிலதான் ஒடையும். எந்த மடின்னு அவரையே கேட்டுக்கச் சொல்லுங்க.”

மேனேஜர் கோப்பையைக் கொண்டுபோய்விட்டார்.

ஒத்திகை

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடல். திருகோணமலையில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது, தள்ளி நிற்கும்; சின்னப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள் என்றார்கள். படகு ஏழரைக்குத் தொடங்கும். முதல் படகில் போனால் எட்டேகாலுக்குள் கேட். கடைசிப் படகென்றால் பதினொன்று தாண்டும். அக்காவின் வேன் போயிருக்கும்.

அதனால் ஒத்திகை வைத்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு அத்தனை பேரும் அவரவர் அறையிலிருந்து கழுத்து அட்டையோடு கிளம்பி, ஆறு நிமிஷத்துக்குள் ஹாலுக்கு வரவேண்டும். அட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டக்கூடாது. தலை வாருவது, விபூதி பூசுவது எல்லாம் முன்னாலேயே. லிப்ட் வேண்டாம், படிக்கட்டு. மனப்பாடமாக ஒப்பிக்க வைத்தேன்.

எனக்கு முழங்கால் வலி. ஒத்திகைதானே என்று நான் லிப்டில் ஏறினேன். அது எட்டு மாடியிலும் நின்று, நீச்சல் குளத்துக்குப் போகிற குடும்பம் ஒன்றை ஏற்றி மேலே கொண்டுபோய்விட்டு, அப்புறம் கீழே வந்தது. ஹாலுக்குள் நுழைந்தால் முப்பத்தொரு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். முத்துசாமி எழுந்து நின்றார். ரெண்டு நாளாக வாயே திறக்காத மனுஷன்.

“மொதலாளி, நாளைக்கு நீங்களும் வந்துருவீங்க இல்ல?”

கம்பளி

ஒத்திகை முடிந்து மேல்தளத்தில் காற்று வாங்க நின்றேன். முத்துசாமியும் வந்து நின்றார். ஒப்பந்தத்தில் வந்தபோது எந்தக் கப்பல், எந்த இடத்தில் ஏறினீர்கள் என்று சும்மா கேட்டேன். ஊர் பெயரெல்லாம் அவருக்கு நினைவில்லை. அக்கா தோட்டத்துக் குடியிருப்பான லயத்து வாசலில் நின்றது மட்டும் நினைவு இருக்கிறது. தன் கம்பளியை எடுத்துத் தம்பிக்குப் போர்த்திவிட்டாராம். மலைக்குளிரில் அக்காவுக்கு இருந்தது அந்த ஒன்றுதான். இந்தியாவிலும் குளிருமே என்று.

“எறங்குனா வேத்துக் கொட்டுதுங்க. மண்டபம் கேம்ப்புல அந்தக் கம்பளிய விரிச்சிதான் படுத்தோம். அப்புறம் எங்க போச்சின்னு தெரியல. போன்ல பேசறப்ப கேப்பாங்களோன்னு ஒவ்வொரு வாட்டியும் பயம். கேட்டதில்ல.”

கடலைப் பார்த்துக்கொண்டே அவரே மறுபடி சொன்னார்:

“போன்ல பாத்தா அக்கா மாதிரி இல்லீங்க. அம்மா மாதிரி இருக்குது.”

திங்கட்கிழமைத் தாள்

சாயங்காலம் டீ நேரத்தில் கோவிந்தசாமி திங்கட்கிழமைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. எமகண்டம் பத்தரை முதல் பன்னிரண்டு. ஆக, இவர் கணக்குப்படி ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் கரையில் கால் வைக்கவேண்டும். முதல் படகை விட்டால் அது நடக்காது என்று சனிக்கிழமையே பார்த்தாயிற்று.

“அப்ப நீங்க கப்பல்லயே இருங்க” என்றேன். “இருக்கறவங்க பேரை ராத்திரிக்குள்ள எழுதிக் குடுத்துடலாம். அனுமதித் தாள்ல முப்பத்தொண்ணுன்னு மாத்தித் தருவாங்க.”

“நான் என்ன மீன் பாக்கவா வந்தேன்? கோணேஸ்வரத்தைப் பாக்காம போனா என் பொண்டாட்டி வூட்டுக்குள்ள சேக்க மாட்டா.”

“முத்துசாமி அக்கா வந்து நிக்கறாங்க.”

“தெரியும் மொதலாளி. அவருக்காகத்தான் சொல்றேன். அம்பது வருசம் கழிச்சி ஒடம்பொறந்தவளப் பாக்கப் போறாரு. ராகு காலத்துலயா போறது? அந்தம்மாவுக்கும் எழுபத்தஞ்சு வயசு. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா ஆயுசுக்கும் இவரு மனசுல அது நிக்கும். நான் நின்னு பாத்தவன்.”

நான் முத்துசாமியைப் பார்த்தேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, போகலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோவிந்தசாமியைத் தூக்கிக்கொண்டாவது இறக்கிவிடுவேன். அவர் சொல்லவில்லை. ஜாடியைச் சுற்றியிருந்த வேட்டியில் ஒரு வைக்கோலை உள்ளே தள்ளினார். வெளியே எடுத்தார். மறுபடி தள்ளினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷமாக எத்தனையோ ராகு காலத்தில் பஸ் எடுத்திருக்கிறேன், ஒருத்தனும் சாகவில்லை என்று கத்தினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரஹமத் பாய் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“கத்தாதீங்க மொதலாளி. பயத்துக்குக் காது கெடையாது.”

ஒத்த பீஸு

அப்போதுதான் சரோஜா கோப்பையைத் தட்டிப் பார்த்துக் கீழே வைத்தாள்.

“எங்க கம்பெனியில சூளைக்கு நேரம் பாப்பாங்க” என்றாள். “சாமான் காயாது, பூச்சு முடியாது, ஆனா நல்ல நேரம் தாண்டப் போவுதுன்னா என்ன செய்வாங்க, முத்தண்ணா?”

முத்துசாமி நிமிர்ந்தார். “ஒத்த பீஸ உள்ள வச்சிருவோம்.”

“நல்ல நேரத்துல ஒத்த பீஸு உள்ள போயிட்டா சூளை ஏத்துனதா கணக்கு. மிச்சத்த எப்ப வேணா அடுக்கலாம். ராகு காலத்துல கூட அடுக்கி இருக்கோம். சூளை ஒண்ணும் வெடிச்சிடல.”

கோவிந்தசாமி யோசித்தார். “அது சூளை. இது பயணம்.”

“பயணத்துக்கு இல்லையா? எங்கம்மா ஊருக்குப் போறதுக்கு மொத நாளே நல்ல நேரத்துல ஒரு பொடவைய எடுத்து எதுத்த வூட்டுல குடுத்து வச்சிடும். அப்புறம் எந்நேரமும் கெளம்பும்.”

“அது பரஸ்தானம். எனக்குத் தெரியாதா? அதுக்கு வூட்டத் தாண்டி வைக்கணும். இங்க ரூமுலேர்ந்து எடுத்து ஹாலுல வச்சாலும் ஒரே கப்பல்தான. வூட்டுக்குள்ளயே எடம் மாத்தி வைக்கறது பரஸ்தானம் ஆவுமா?”

நல்ல கேள்வி. நான் அசந்துவிட்டேன். சரோஜா அசரவில்லை.

“உங்க ரூமுக்கு நெலை இருக்குதா? கால் இடிக்குதே, நெலப்படி? கதவு இருக்குது, பூட்டு இருக்குது, நம்பர் இருக்குது. குளிக்கறது, படுக்கறது, சாமி கும்புடறது எல்லாம் உள்ள. அதாங்க வூடு. வெளிய நடக்கறமே, முன்னப் பின்ன தெரியாத ஜனமெல்லாம் போவுது வருது. கப்பலு தெருவுங்க.”

கோவிந்தசாமி தாளை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்துப் பையில் போட்டார்.

“ஏழரைக்கு முன்ன அத்தன பேரோட சாமானும் நெலைய தாண்டணும். ஒண்ணு உள்ள நின்னாலும் நான் பொறுப்பில்ல.”

நடுவழி

திங்கட்கிழமை ஆறு ஐம்பதுக்கு முத்துசாமி ஜாடியோடு நிலைப்படி தாண்டி வந்தார். ஹாலில் முன்வரிசை முதல் நாற்காலியில் அதை உட்கார வைத்தார். அடுத்த நாற்காலியில் ஒரு குடை. அடுத்ததில் மஞ்சப்பை. அப்புறம் செருப்பு, தண்ணீர் பாட்டில், மூக்குக் கண்ணாடிக் கூடு. ரஹமத் பாய் லுங்கியை வைத்தார். அவருக்கும் இந்தச் சடங்குக்கும் சம்பந்தம் இல்லை, இஸ்திரிக்காக வைத்தார். கூட்டுகிறவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சரோஜா முதல் நாற்காலி பக்கத்தில் நின்று அவரை ஒரு பார்வை பார்த்தாள். வண்டி திரும்பிப் போய்விட்டது.

நான் படிக்கட்டில் இறங்கி வந்தேன். முழங்காலைக் கேட்காதீர்கள். ஏழு பன்னிரண்டுக்குக் கோவிந்தசாமி வலது காலை முன்வைத்துத் தன் அறையைத் தாண்டினார். ஏழு பதினைந்துக்கு முப்பத்திரண்டு பேரும் எண்ணி நின்றோம். ஒன்றாம் நம்பர். ஸ்டிக்கரைக் கொடுத்த பெண் சனிக்கிழமையை மறக்கவில்லை. தலையை எண்ணிவிட்டு, கோவிந்தசாமியையும் ஒரு தடவை தனியாக எண்ணினாள்.

ஏழு நாற்பதுக்குக் கூப்பிட்டார்கள். ராகு காலம் பிறந்து பத்து நிமிஷம். படகுக்கு இறங்கும் கதவு திறந்திருந்தது. கீழே தண்ணீர் ஆடியது. முதலில் முத்துசாமி. அவர் ஜாடியோடு நின்றுவிட்டார். நகரவில்லை. பின்னால் திரும்பிக் கோவிந்தசாமியைப் பார்த்தார். “வேகமா, வேகமா” என்றாள் அந்தப் பெண். கோவிந்தசாமி மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றினார். சட்டைப்பையில், தாளுக்கு மேல் போட்டார். பிறகு முத்துசாமியின் முதுகில் கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

“போங்க. கெளம்புனது ஏழுக்கு முன்ன. இப்ப நடுவழியில இருக்கறீங்க. நடுவழியில நேரம் பாக்கறவன் ஊரு போய்ச் சேர மாட்டான்.”

கேட்

எட்டு பத்துக்குக் கேட். வெளியே ஒரு வேன். அதன் நிழலில் கையில் குடையோடு ஒரு அம்மாள், பக்கத்தில் அவர் மகள். நாங்கள் முப்பத்திரண்டு பேர் கும்பலாக வருவதை அந்த அம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முத்துசாமி ஜாடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அந்த அம்மாளே நடந்து வந்தார். மெதுவாகத்தான் நடந்தார். கிட்டே வந்து தம்பி தலையில் கையை வைத்தார். முடி இல்லாத இடத்தில்.

“என் கம்பளி எங்கடா?”

“மண்டபத்துலயே போச்சிக்கா.”

“போகட்டும். நீ வந்துட்டியே.” பிறகு ஜாடியைப் பார்த்தார். “என்னாது இது?”

முத்துசாமி கொடுத்தார். அந்த அம்மாள் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். கையை விட்டும் பார்த்தார், சென்னை செக்யூரிட்டிக்காரர் மாதிரியே. நான் மற்றவர்களை அதட்டி எங்கள் வேனில் ஏற்றினேன். நின்று பார்க்க இது என்ன கூத்தா? கோயிலுக்குப் போனோம், தரிசனம் ஆயிற்று, பத்தரைக்குத் திரும்பிவிட்டோம். கோவிந்தசாமி எமகண்டம் தொடங்கியதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. ஒரு பொட்டலம் விபூதியை ராசம்மா கையில் கொடுத்துவிட்டு, தள்ளிப்போய் நின்றார். அக்காவும் தம்பியும் அக்கா வந்த வேனின் படியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஜாடி. அது இப்போது காலி இல்லை. தம்பிக்கென்று மலையிலிருந்து கொண்டுவந்த மாங்காயை நறுக்கி, கடையில் வாங்கிய உப்பும் போட்டாயிற்று.

பதினொன்றுக்கு வேன் கிளம்பியது. ஜன்னல் வழியாக ராசம்மா தலையை நீட்டினார். தம்பியிடம் இல்லை, என்னிடம்.

“ஐயா, ஊற இருவது நாள் ஆகும். தம்பியத் திரும்பக் கூட்டியாங்க, ஜாடிய நாங்க வச்சிருக்கோம்.”

ஒரு வரி

முப்பது வருஷமாக ஆளை ஏற்றி இறக்குவது என் தொழில் என்று விருத்தாசலத்தில் போர்டு மாட்டியிருப்பவன் நான். ஆனால் அன்றைக்கு முப்பத்திரண்டு பேரையும் முதல் படகில் இறக்கியது பீங்கான் கம்பெனியில் கீறல் தட்டிப் பார்க்கிற சரோஜா.